இரண்டு அரிசி நீளம்

மெட்டில்டா போய் இருபத்து மூன்று நாள் ஆகிறது. அவள் மகள் கிருபா இன்னும் ஜன்னலுக்குக் கீழே இருக்கும் நான்கு டைல்ஸை மிதிக்கவில்லை.

பம்மலில் ஒரு மாடிப் போர்ஷன். ஹாலுக்கு அகலம் ஏழடி. ஒரு பக்கம் பீரோ, மறுபக்கம் தையல் மெஷின், நடுவே மிஞ்சுவது அந்த நான்கு டைல்ஸ். சமையலறைக்கு வேறு வழி கிடையாது. கிருபா மெஷினைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி இழுத்துப் போட்டுப் பின்னால் ஒரு சந்து உண்டாக்கியிருந்தாள். அதில் பக்கவாட்டில்தான் போக முடியும். குக்கரைத் தூக்கிக்கொண்டு போனால் இடுப்பு இடிக்கும். இடித்தாலும் அப்படித்தான் போனாள்.

மெஷின் மேல் வெள்ளைத் தலையணை உறை விரித்திருந்தது. அதன் மேல் சாண் உயரத்துக்கு ஒரு பொம்மைக் குதிரை. வெள்ளை உடம்பு, பழுப்புப் பிடரி. சுற்றிலும் வெட்டி விழுந்த முடித் துணுக்குகள். பறந்துவிடும் என்று கிருபா அந்த ஹாலில் ஃபேன் போடுவதையே விட்டுவிட்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் அடுத்த தெரு பரிதா வந்தாள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள்.

"கிருபா, ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டியே?"

"சொல்லுங்கக்கா."

"ஞாயித்துக்கெழம நாங்க ஆம்பூர் கெளம்பறோம். இவருக்கு அங்க ஷூ கம்பெனில வேல ஆயிடுச்சு. சாமானெல்லாம் கட்டியாச்சு. எம் பொண்ணு ஃபாயிசாதான் குதிர குதிரன்னு உசிர வாங்கிக்கினு கீறா."

கிருபா மெஷின் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"பாதில நின்னா நின்னுட்டுப் போவுது. அப்படியே குடுத்துடு. மெட்டில்டாக்கா கை பட்டதே போதும்."

"சனிக்கிழமை வாங்க. முடிச்சுக் குடுக்கறேன்."

"உனுக்குத் தெரியுமா அந்த வேல?"

"தெரியாது. அளந்து பாத்தா தெரியும்."

பரிதா அவள் தோளில் கை வைத்தாள். "நீ வூட்டுக்கு வந்ததும் பாத்து கூப்ட்டதாலதான் ஆஸ்பத்திரிக்காவது கொண்டு போனோம். அந்த மட்டுக்கும் நீ செய்யவேண்டியத செஞ்சுட்ட. அத நெனச்சு மனச தேத்திக்கோ."

கிருபா தாழ்ப்பாளைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினாள். இருபத்து மூன்று நாளில் இதை அவளிடம் சொன்ன ஆறாவது ஆள் பரிதா.

*

மெட்டில்டா பத்தொன்பது வயதில் பல்லாவரம் பக்கம் ஒரு விக் கம்பெனியில் சேர்ந்தாள். கோயில்களில் மழித்த முடி மூட்டை மூட்டையாக வரும். அலசி, ஆணிச் சீப்பில் இழுத்து, நீளவாரியாகப் பிரித்து, கொக்கி ஊசியால் ஒவ்வொன்றாக வலையில் முடிச்சுப் போட வேண்டும். இருபத்திரண்டு வருஷம் அதைச் செய்தாள். வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் முடி இருக்கும். எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுவாள். "யார் தலையோ. நல்லா இருக்கட்டும்" என்பாள்.

அந்த முடி எல்லாம் யாரோ ஒருவருடைய வேண்டுதல் என்பதை அவளால் மறக்க முடியவில்லை. சில நாள் வேலைக்கு நடுவில் ஒரு கொத்து முடி கையில் கதகதப்பாக இருந்தது என்று வந்து சொல்வாள். தாம்பரம் ரயில்வே ஷெட்டில் வேலை பார்த்த அவள் புருஷன் ஆஸ்டின், "வெயில்ல காய வெச்சிருப்பாங்க, அதான்" என்பார். அது போதுமான பதில்தான். ஆனாலும் அவள் கையை இரண்டு தரம் கழுவுவாள்.

ஆஸ்டின் இறந்து, கண்ணில் பவர் ஏறி, கம்பெனியை விட்ட பிறகுதான் குதிரைகள் வந்தன. முதல் குதிரை மாடிப்படியில் கிடந்தது. யார் வீட்டுக் குழந்தையோ எறிந்துவிட்டுப் போனது. பிடரி முழுக்கச் சிக்கு. மெட்டில்டா அதை எடுத்து வந்து சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, நுனியிலிருந்து மேலாகச் சிக்கெடுத்தாள். எடுத்த பிறகு பார்த்தால் பெயின்ட் பிரஷ் மாதிரி இருந்தது. எல்லா முடியும் ஒரே நீளம், ஒரே கோடு.

"முடின்னா இப்டியாடி இருக்கும்?" என்றாள். "மிஷின்ல வெட்டிக் கீறானுங்க."

குதிரை முடி எப்படி இருக்கும் என்று பார்க்க மகளை இழுத்துக்கொண்டு வண்டலூர் ஜூவுக்குப் போனாள். நடந்து நடந்து கடைசியில் கண்ணில் பட்டது வரிக்குதிரை. அதன் பிடரி விறைப்பாக நின்றுகொண்டிருந்தது. மெட்டில்டா கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் பார்த்துவிட்டு, "இதுக்கு ஏற்கெனவே போலீஸ் கட்டிங் அடிச்சு வுட்டுட்டாங்கடி" என்றாள்.

பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்த கையோடு மெரினாவுக்குப் போனாள். மணலில் உட்கார்ந்துகொண்டு சவாரிக் குதிரைகளை அண்ணாந்து பார்த்தாள். மூன்றாவது வாரம் குதிரைக்காரன் கேட்டேவிட்டான்.

"இன்னாம்மா, வாராவாரம் வர்ற, ஏற மாட்டேன்ற?"

"முடி பாக்கறேன்ப்பா."

"பொண்ணு பாக்கற மாதிரி பாக்கறியே. பாத்து, அதுக்கு வெக்கம் வந்துடப் போவுது."

அன்று வீட்டுக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத் தரையில் படுத்தாள். ஜன்னலுக்குக் கீழே, டைல்ஸில் கன்னத்தை வைத்து, கைக்கெட்டும் தூரத்தில் பொம்மைக் குதிரையை நிறுத்திப் பார்த்தாள். குழந்தைகள் பொம்மையைப் பார்ப்பது அங்கிருந்துதான், மேலே நின்று பார்க்கிறவர்களுக்காகக் குதிரை செய்யப்படவில்லை என்றாள். கண்ணாடி இருந்தால் ஒவ்வொரு முடியாகத் தெரியும். இல்லாவிட்டால்தான் மொத்தக் குதிரையும் தெரியும் என்றாள்.

அவள் வேலை அப்படித்தான் அமைந்தது. அடியிலிருந்து ஒரே ஒரு முடியை வெட்டி வெந்நீரில் போட்டுப் பார்ப்பாள். சுருண்டு போனால் அந்தக் குதிரைக்கு வெந்நீர் கிடையாது. சுருளாவிட்டால் ஒரு டம்ளர் வெந்நீரில் பிடரியை முக்கி, சீவி, துணி சுற்றி நாள் முழுக்க விடுவாள். முழுக்கக் காய்ந்த பிறகுதான் கத்தரிக்கோல். குறுக்கே வெட்டவே மாட்டாள். கத்தரிக்கோலைச் செங்குத்தாக நிறுத்தி, முனையால் கொத்துவாள். ஒரு தரம் கொத்தினால் நாலைந்து முடி விழும். அளவெல்லாம் அரிசிக் கணக்கு. ஒரு அரிசி குறை, இரண்டு அரிசி குறை.

கிருபா இன்ஸ்ட்ருமெண்டேஷன் டிப்ளமா. மறைமலை நகரில் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் வேலை. அரிசி என்று கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"எந்த அரிசிம்மா? பொன்னியா, பாஸ்மதியா?"

"ரேஷன் அரிசிடி. போய் அளந்துக்கோ."

கிருபா உண்மையிலேயே வெர்னியரை எடுத்து அளந்தாள். இருபது அரிசியின் சராசரி ஆறு மில்லிமீட்டர். அன்று முழுக்க மெட்டில்டா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "எம் பொண்ணு அரிசிக்கே சர்டிபிகேட் குடுத்துட்டா."

மேடவாக்கம் அபார்ட்மெண்டுகளிலிருந்து குதிரைகள் வர ஆரம்பித்தன. குழந்தைகளுடையவை சில. பெரியவர்களே ஆசைக்கு வாங்கி அடுக்கி வைத்தவை சில. ஸ்ரீவித்யா என்று ஒரு ஐ.டி. பெண், முடித்த குதிரையை வாங்கிக்கொண்டு போய்விட்டு போன் செய்தாள்.

"ஆன்ட்டி, ஏதோ சரியில்லாத மாதிரி இருக்கே."

"எங்க வெச்சுப் பாக்கற?"

"டேபிள்ல."

"தரைல வைம்மா. நீயும் படு."

"நானா?"

"பின்ன குதிரையா படுக்கும்?"

பத்து நிமிஷம் கழித்து அந்தப் பெண் மறுபடி கூப்பிட்டாள். "ஆன்ட்டி, மூச்சு விடற மாதிரி இருக்கு" என்றாள்.

மெட்டில்டாவுக்குப் பிடித்த பாராட்டு அதுதான். ஆனால் அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வாள். "நைலான்தான். யார் தலையிலயும் இருந்தது இல்ல. அதனாலதான் இத தைரியமா தொடறேன்" என்பாள்.

அவள் தரையில் படுத்துப் பார்க்கும் நேரத்துக்கு வீட்டில் சில சட்டங்கள் உண்டு. பேசக் கூடாது. கேள்வி கேட்டால் பதில் வராது. வாயைத் திறந்தால் மூச்சுப் பட்டு முடி ஆடும். ஐந்து நிமிஷமும் ஆகும், அரை மணியும் ஆகும். வெளிச்சத்தை மறைக்கக் கூடாது. அந்த ஹாலில் அவள் படுத்துவிட்டால் சமையலறைக்குப் போகிறவர் அவள் காலைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டுகிற ஆளின் கணுக்காலில் ஒரு தட்டு விழும். கண் குதிரையிலேயே இருக்கும், கை மட்டும் பின்னால் வந்து தட்டும். ஆளைத் தாண்டியதற்கும் வெளிச்சத்தை மறைத்ததற்கும் சேர்த்து ஒரே தட்டு.

*

அன்று கிருபாவுக்கு முதல் ஷிப்ட். தாம்பரத்தில் இறங்கி பஸ் மாறி வீட்டுக்கு வந்தபோது மணி மூன்று நாற்பது. கதவு சும்மா சாத்தியிருந்தது. அம்மா ஜன்னலுக்குக் கீழே, வாசலுக்கு முதுகைக் காட்டிப் படுத்திருந்தாள். கன்னம் டைல்ஸில். எதிரே ஃபாயிசாவின் குதிரை.

"டீ போடறேன். உனக்கும் போடவா?"

பதில் இல்லை. கிருபா பையை மாட்டிவிட்டு அம்மாவின் காலைத் தாண்டினாள்.

தட்டு விழவில்லை.

அதை அவள் கவனிக்கவும் செய்தாள். இன்னிக்குத் தப்பிச்சேன் என்று நினைத்துக்கொண்டே சமையலறைக்குள் போனாள்.

இரண்டு டம்ளர் டீ போட்டாள். ஒன்றை அம்மாவுக்காக மெஷின் ஓரத்தில் வைத்தாள். திரும்பவும் தாண்டினாள். தன் டீயைக் குடித்தாள். குளித்தாள். துணி அலசிக் கொடியில் போட்டாள். திரும்பி வந்தபோது மெஷின் ஓரத்து டீயில் ஆடை படிந்திருந்தது. மெட்டில்டா டீயை ஆறவிடுகிறவள் இல்லை.

அப்போது மணி நான்கு இருபத்தைந்து.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். "கடைசியா எப்ப நல்லா இருந்தாங்க?"

"பன்னெண்டரைக்கு போன்ல பேசினாங்க."

"நீங்க எப்ப பாத்தீங்க?"

"நாலு இருபத்தஞ்சு."

அவர் எழுதிக்கொண்டார். மூளைக்குள் பெரிய ரத்தக்கசிவு என்றார். மூன்றாம் நாள் மெட்டில்டா கண்ணைத் திறக்காமலே போன பிறகு, "இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருந்தாலும் பெருசா வித்தியாசம் இருந்திருக்காதும்மா" என்றார். நல்ல மனிதர். ஆனால் அவர் அதைச் சொன்னது நான்கு இருபத்தைந்தை வைத்து. மூன்று நாற்பதைப் பற்றி அவருக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது.

கிருபாவின் வேலையில் ஒரு விதி உண்டு. கருவி என்ன காட்டியதோ அதை எழுத வேண்டும். மோசமான அளவை எழுதலாம், குற்றமில்லை. பார்க்காத அளவை எழுதினால் வேலை போய்விடும். பதினோரு வருஷத்தில் அவள் ஒரு முறை கூட அப்படி எழுதியதில்லை. நான்கு இருபத்தைந்துதான் முதல்.

*

வெள்ளிக்கிழமை லீவு போட்டாள். தலையணை உறையின் நான்கு மூலைகளையும் தூக்கி, முடித் துணுக்குகளை ஒரு வெள்ளைத் தாளுக்கு மாற்றினாள். இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்து வெர்னியரில் அளந்தாள். இருநூற்றுப் பதினேழு துணுக்குகள். பூதக்கண்ணாடியில் பார்த்தபோது எல்லாவற்றின் நுனியும் சாய்வாக இருந்தது. குறுக்கே வெட்டிய நுனி ஒன்றுகூட இல்லை. நீளம் எதுவும் இரண்டு அரிசிக்கு மேல் போகவில்லை. அம்மா எதையும் ஒரே மூச்சில் வெட்டவில்லை. ஒவ்வொரு கொத்துக்கும் பிறகு நின்று யோசித்திருக்கிறாள்.

குதிரையை அளந்தாள். பிடரி இடப்பக்கம் நாற்பத்தொரு மில்லிமீட்டர். வலப்பக்கம் ஐம்பத்து மூன்று. பன்னிரண்டு வித்தியாசம். காதுகளுக்கு நடுவிலிருந்து இறங்கும் நெற்றி முடி இன்னும் இரண்டு கண்ணையும் மூடிக்கொண்டிருந்தது. ஃபாயிசா குதிரையைக் கொண்டுவந்து கொடுத்தபோது சொன்ன ஒரே குறை அதுதான். "இதுக்குக் கண்ணு தெரியல, குதிர ஆன்ட்டி. பாவம், இடிச்சுக்குது."

கணக்கு சுலபமாக இருந்தது. இடப்பக்கம் முடிந்துவிட்டது. வலப்பக்கம் பாக்கி. வலதில் இரண்டு அரிசி குறைக்க வேண்டும். பிறகு நெற்றி.

முடி வளராது. அது ஒன்றுதான் பயம். மார்க்கெட்டுக்குப் போய் மலிவான பொம்மை ஒன்று வாங்கிவந்து அதன் தலையில் பழகினாள். முதல் தரம் படிக்கட்டு மாதிரி வந்தது. இரண்டாம் தரம் எலி கடித்த மாதிரி. சாயங்காலத்துக்குள் அந்தப் பொம்மைக்கு மொட்டை விழாத குறை. ஆனால் கத்தரிக்கோலை நிமிர்த்திப் பிடித்து முனையால் கொத்துவது கைக்கு ஓரளவு வந்துவிட்டது. கொத்தும் சத்தம் மட்டும் அம்மா கொத்துவது போலவே இருந்தது. கிருபா இரண்டு முறை நிறுத்திவிட்டுச் சமையலறையைத் திரும்பிப் பார்த்தாள்.

பழகியது அவளுடைய சாதாரணக் கத்தரிக்கோலில். சனிக்கிழமை மதியம் அம்மாவின் டப்பாவைத் திறந்தாள். மூடி இறுக்கமான பழைய பிஸ்கட் டப்பா. இத்தனை நாளில் அதை அவள் தொடவே இல்லை. மேலாக அம்மாவின் மூக்குக் கண்ணாடி, காதுக்கம்பிகள் மடித்து. அதன் கீழே எண்ணெய்த் துணியில் சுற்றிய கத்தரிக்கோல். குதிரையைத் தரையிலிருந்து எடுத்து மெஷின் மேல் வைத்தது பரிதாதான். கண்ணாடியையும் அவள்தான் எடுத்து வைத்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டு கிருபா கத்தரிக்கோலைத் துணியிலிருந்து பிரித்தாள். தேங்காய் எண்ணெய் வாசனை வந்தது.

குதிரையை இடது கையில் பிடித்தாள். வலப்பக்கப் பிடரியில் ஒரு கொத்தைச் சீப்பால் தூக்கினாள். பன்னிரண்டு மில்லிமீட்டர் குறித்துக்கொண்டாள். கத்தரிக்கோலைத் திறந்தாள்.

திறந்ததோடு கை நின்றது.

வெட்டிவிட்டால் அம்மா கடைசியாகப் பார்த்த குதிரை இருக்காது. அன்று மூன்று நாற்பதுக்கு அந்த டைல்ஸின் மேல், அம்மாவின் முகத்துக்கு எதிரே என்ன இருந்ததோ, அது இந்த உலகத்தில் இந்த நீளத்தில்தான் இருக்கிறது. அதை ஒரு தரம் அங்கிருந்து பார்க்காமல் மாற்றுவது, என்ன காட்டுகிறது என்று பார்க்காமலே ஒரு கருவியைத் திருத்துவது போல.

மெஷினைச் சுற்றிக்கொண்டு வந்து அந்த நான்கு டைல்ஸின் ஓரத்தில் நின்றாள். செருப்பில்லாத காலை வைத்தாள். டைல்ஸ் சில்லென்று இருந்தது. மற்ற டைல்ஸ் எப்படியோ அப்படித்தான். உட்கார்ந்தாள். குதிரையை எட்ட வைத்தாள். வாசலுக்கு முதுகைக் காட்டிப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்தாள்.

தான் போட்டிருந்த கண்ணாடியின் காதுக்கம்பி நெற்றிப் பொட்டில் குத்தியது. கழற்றினாள்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை, வெள்ளையும் பழுப்புமாக ஒரு மங்கல். பிறகு கண் பழகியது.

குதிரை நின்றுகொண்டிருந்தது.

மேலிருந்து பார்த்தபோது பாக்கி என்று தோன்றிய வலப்பக்க முடி, கழுத்துக்கு அந்தப்புறமாக இறங்கி, கழுத்துக்குக் கீழே மெல்லிசாகத் தலைகாட்டிக்கொண்டிருந்தது. இரண்டு அரிசி குறைத்திருந்தால் அது தெரிந்தே இருக்காது. கழுத்து மொழுக்கென்று, பொம்மைக் கழுத்தாக நின்றிருக்கும். மேலே இருந்து பார்த்தால் கண்ணை மூடிய நெற்றி முடி, கீழே இருந்து பார்த்தால் கண்ணுக்கு மேலே கூரை மாதிரி விலகி நின்றது. அதற்கு உள்ளே, நிழலுக்குள், குதிரையின் கண் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கிருபா மூச்சு விட்டாள். பிடரி அசைந்தது.

வேலை பாதியில் நிற்கவில்லை. முடிந்திருந்தது. வெட்ட ஒன்றுமே இல்லை.

அப்படியே படுத்திருந்தாள். கையிலிருந்த தன் கண்ணாடியை எங்கே வைப்பது என்று பார்த்தாள். தரையில் வைத்தால் யாராவது மிதித்துவிடுவார்கள். அந்த நினைப்பு வந்த பிறகுதான் டப்பா ஞாபகம் வந்தது. எண்ணெய் துடைத்த கத்தரிக்கோல். அதன் மேல் மடித்த கண்ணாடி. இறுக்கி மூடிய மூடி. விழுகிற ஆள் கண்ணாடியை மடித்து வைத்துவிட்டு விழுவதில்லை.

ஆனால் அது பரிதா வைத்ததாகவும் இருக்கலாம்.

பின்னால் வாசல் வெளிச்சத்தை யாரோ மறைத்தது போல இருந்தது. கிருபா திரும்பவில்லை. அன்று தான் நின்ற இடம் அது. பையைத் தோளில் போட்டுக்கொண்டு, மணி மூன்று நாற்பதுக்கு, அங்கே ஒருத்தி நிற்கிறாள். டீ போடறேன், உனக்கும் போடவா என்று கேட்கப் போகிறாள். கிருபா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. தாண்டட்டும், கணுக்காலில் தட்டலாம் என்று கையைப் பின்னால் நீட்டி வைத்துக்கொண்டாள்.

யாரும் தாண்டவில்லை. கை தரையில் கிடந்தது.

*

பரிதாவும் ஃபாயிசாவும் வந்தபோது கிருபா முகம் கழுவியிருந்தாள். குதிரை மெஷின் மேல் இருந்தது. ஃபாயிசாவுக்கு ஆறு வயது. முன்பல் இரண்டு இல்லை. ஒன்றும் கேட்காமல் குதிரையை எடுத்துக்கொண்டாள்.

"பணம் எவ்ளோன்னு அக்கா சொல்லவே இல்லியே" என்றாள் பரிதா.

"அதெல்லாம் வேணாம். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அன்னிக்கு அம்மா கண்ணாடிய நீங்களா எடுத்து வெச்சீங்க?"

"எந்தக் கண்ணாடி?"

"மூக்குக் கண்ணாடி. அந்த பிஸ்கட் டப்பால."

"நான் குதிரயத்தான் எடுத்தேன், யாராவது மிதிச்சிடப் போறாங்கன்னு. டப்பாவெல்லாம் நான் தொடலியே. கண்ணாடி கீழ கெடக்குதான்னு பாத்தேன், காணோம். ஏன், ஒடஞ்சிருந்துதா?"

"இல்ல. மடிச்சிருந்துது."

பரிதாவுக்குப் புரியவில்லை. "அக்கா எதையும் ஒழுங்கா வெப்பாங்க" என்றாள்.

கிருபா தலையாட்டினாள். அம்மா விழவில்லை. வேலையை முடித்து, துடைத்து, மூடி வைத்து, தானாகவேதான் படுத்தாள். குதிரையைப் பார்த்தாள். அதுவரை சரி. அதற்குப் பிறகு எப்போது என்பதற்கு டப்பாவில் பதில் இல்லை. மூன்று நாற்பதுக்கு அம்மா பார்த்துக்கொண்டிருந்தாளா, பார்க்க முடியாமல் கிடந்தாளா? கால் தன்னைத் தாண்டுவது அவளுக்குத் தெரிந்ததா? தட்ட நினைத்துக் கை வராமல் போனதா?

"டீ போடறேன்க்கா" என்று திரும்பினாள்.

ஃபாயிசா தரையில் படுத்திருந்தாள்.

அந்த இடத்தில்தான். ஜன்னலுக்குக் கீழே, வாசலுக்கு முதுகைக் காட்டி, டைல்ஸில் கன்னத்தை வைத்து. எட்ட குதிரை.

"ஃபாயிசா" என்றாள் கிருபா.

பதில் இல்லை.

"ஃபாயிசா."

"அது அப்டித்தான்" என்றாள் பரிதா. "மெட்டில்டாக்காகூட சேர்ந்து இங்க படுத்துப் படுத்து கெட்டுப்போச்சு. எங்க வூட்லயும் இதே கத."

கிருபாவுக்கு அது காதில் விழுந்தது. விழுந்தும் போதவில்லை. சின்ன முதுகு அசைகிறதா என்று பார்த்தாள். அசைகிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. குழந்தையின் காலுக்குப் பக்கத்தில் போய் நின்றாள். தாண்டவில்லை. குனிந்தாள். அவள் நிழல் ஜன்னல் வெளிச்சத்தில் குறுக்கே விழுந்து குதிரையை மூடியது.

குழந்தையின் கண் குதிரையிலேயே இருந்தது. கை மட்டும் பின்னால் வந்தது. கணுக்காலில் பட்டென்று ஒரு தட்டு.

கிருபா வெளிச்சத்தை விட்டு நகர்ந்தாள். நகர்ந்த இடத்திலேயே, சுவரில் சாய்ந்து, தரையில் உட்கார்ந்துவிட்டாள். தட்டு விழுந்த இடத்தை உள்ளங்கையால் பொத்திக்கொண்டாள்.

"இன்னாச்சு கிருபா? சாப்ட்டியா நீ?"

"அக்கா, நான் அன்னிக்கு வீட்டுக்கு வந்தது நாலு இருபத்தஞ்சு இல்ல."

"இன்னா?"

"மூணு நாப்பது. அம்மா இங்கதான் படுத்திருந்தாங்க. குதிரைய பாக்கறாங்கன்னு நெனச்சேன். தாண்டிப் போய் டீ போட்டேன். மறுபடியும் தாண்டினேன். குளிச்சேன். நாப்பத்தஞ்சு நிமிஷம்."

பரிதா தலையில் போட்டிருந்த முந்தானையைச் சரிசெய்துகொண்டு மெல்ல வந்து கிருபாவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். தோளில் கை வைக்கவில்லை. இரண்டு பேரும் குழந்தையின் முதுகைப் பார்த்தார்கள். அது ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

"டாக்டர்கிட்ட சொன்னியா?" என்று பரிதா கேட்டாள்.

"இல்ல. திங்கக்கிழமை போய் சொல்லணும்."

"போய் சொல்லு."

"அவர் வேற ஏதாவது சொன்னா?"

"சொன்னா கேட்டுக்க வேண்டியதுதான்" என்றாள் பரிதா.

ஃபாயிசா எழுந்து உட்கார்ந்தாள். கன்னத்தில் டைல்ஸின் கோடு பதிந்திருந்தது. குதிரையை நெஞ்சோடு வைத்துக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கண்ணு தெரியுது" என்றாள்.